அம்சவேணி என்கிற தமிழரசி

அத்தியாயம் 14

மழை பிடித்துக்கொண்டு மூன்று நாளாகிறது. ஜூன் மழை வந்தால் புனே கொண்டாடும். வெங்காயம் போட்ட காந்தா பஜியும் சாயாவுமாகத் தெருமுனை நிரம்பிவிடும். ஏகாம்பரத்தின் நுரையீரலுக்கு மட்டும் மழை ஆகாது. இரண்டு இரவாக அவர் படுக்கவே இல்லை, தலையணையை மடியில் வைத்துக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். ஆக்சிஜன் மிஷின் மூலையில் கிடந்து உறுமிக்கொண்டிருந்தது.

நாலு நாளைக்கு முன்னால் மகன் தேஜஸ் தன் லேப்டாப்பைத் திறந்து, குடும்பத்தின் எதிர்காலத்தைக் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டினான் அல்லவா? அன்றிலிருந்து தமிழரசிக்குச் சோறு இறங்கவில்லை.

பிள்ளை தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், எதையும் ஒழுங்காகப் போட்டுப் பார்ப்பான். இந்த மாதம் முப்பதாம் தேதி ஃபேக்டரியிலிருந்து அப்பா ரிட்டயர் ஆகிறார். நாலு மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பென்ஷனில் நாற்பது சதவீதத்தை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்டு, கிராஜுவிட்டியும் சேர்ந்தால், கசார்வாடியில் அவன் அக்கா அம்ருதாவின் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ரூம், ஹால், கிச்சன்.

"மொத்தமா வாங்கினா மாசாமாசம் கம்மியாத்தானடா வரும்?" என்று கேட்டாள் தமிழரசி.

"பதினஞ்சு வருஷம் கம்மியா வரும்மா. லேகின்..." என்று ஹிந்தியில் ஒரு 'ஆனால்' போட்டவன் நிறுத்திக்கொண்டான்.

நிறுத்தியதைக் கட்டத்தில் எழுதி வைத்திருந்தான். பத்தாவது வரை படித்தவள் அவள், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும். கடைசிப் பத்தியின் தலைப்பு, 'ஆஃப்டர் அப்பா'. டாக்டர் சொன்ன கெடு ஒரு வருஷம். பதினைந்து வருஷம் பென்ஷனில் பிடித்துக்கொள்ள ஆளே இருக்கப்போவதில்லை. அவருக்குப் பிறகு மனைவிக்கு வரும் குடும்பப் பென்ஷனில், மொத்தமாக வாங்கியதற்காக ஒரு பைசா குறைக்க மாட்டார்கள். முதல் ஏழு வருஷம் பாதிச் சம்பளம், அப்புறம் அதைவிடக் குறைவு, ஆனால் அவள் மூச்சு இருக்கிற வரை வரும். அப்பன் சாவை வைத்து அம்மாவைக் காப்பாற்றப் பிள்ளை போட்ட திட்டம் அது. அதில் இருந்த பாசம்தான் அவளைக் கொன்றது.

ஆனால் அந்தத் திட்டத்தில் பிள்ளைக்குத் தெரியாத ஓட்டை ஒன்று உண்டு. முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம் புதிதாக உள்ளே வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

ஏகாம்பரத்தின் சர்வீஸ் புத்தகத்தில் மனைவி என்று எழுதியிருக்கிற பெயர் அம்சவேணி. தமிழரசியின் அக்கா. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், சோளிங்கர் பக்கம் தாய்வீட்டுக்குப் போன இடத்தில் மஞ்சள் காமாலை கண்டு ஒன்பதே நாளில் போய்விட்டாள். இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை, அம்ருதா. சாவை யாரும் எங்கும் பதியவில்லை. பதிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. குழந்தைக்குத் தாய் வேண்டும், அக்கா பிள்ளையைத் தங்கச்சியைவிட வேறு யார் பார்ப்பாள் என்று, மாதம் திரும்புவதற்குள் கோயிலில் வைத்து ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டி, தமிழரசியை ரயில் ஏற்றிவிட்டார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது அவளுக்குப் பதினேழு வயது.

அந்தப் பதினேழுதான் வினை. ஃபேக்டரியில் அப்போது ஹெட் கிளார்க்காக இருந்த சூர்யநாராயணன் நல்ல மனுஷன். தமிழ்க்காரன் என்று தனியாக ஒரு அபிமானம் வேறு. "ஏகாம்பரம், இந்தக் கல்யாணத்தை எழுதிக் குடுத்தியோ, பொண்ணுக்கு வயசு என்னன்னு கேப்பான். உன் வேலைக்கே உலை. பேரை எதுக்கு மாத்தணும்கறேன்? ஆஸ்பத்திரி கார்டு தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடு. புதுசுல இந்தப் பொண்ணு போட்டோவை ஒட்டிக்கோ. அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதான் ஆயிற்று. தமிழரசி ஃபேக்டரிக்கு அம்சவேணி ஆனாள்.

அக்கா புருஷனை அவள் மாமா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தாலி கட்டிய பிறகும் மாமாதான். குவார்ட்டர்ஸில் அவள் எல்லோருக்கும் அம்ருதாச்சி ஆயி, அம்ருதாவின் அம்மா. அம்ருதாவுக்கும் அப்படித்தான். வேறு அம்மா ஒருத்தி இருந்தாள் என்பது அவளுக்கும் தெரியாது, பின்னால் பிறந்த தேஜஸுக்கும் தெரியாது.

பிறகு ஒருமுறை தாயின் சாவுக்கு ஊருக்குப் போனபோது, அங்கே நடந்த ஆதார் முகாமில் பள்ளிக்கூடச் சான்றிதழைக் காட்டி அண்ணன் அவளைப் பதிந்துவிட்டான். ஆதாரில் தமிழரசி. சர்வீஸ் புத்தகத்தில் அம்சவேணி. பென்ஷன் பாரத்தில் இரண்டும் நேருக்கு நேர் வந்து நின்றன. பிள்ளைகளிடம், "அம்சவேணி பெரியவங்க வச்ச பேரு, தமிழரசி வீட்ல கூப்டற பேரு" என்று சொல்லி வைத்திருந்தாள். தேஜஸும் நம்பி, அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்துவிட்டான்.

இன்று அந்த மருந்தைக் குடிக்க வேண்டிய நாள்.

*

"அரசி, இன்னிக்கு வேணாம்" என்றார் ஏகாம்பரம்.

அவர் ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு மூச்சு எடுத்தார். தமிழரசி அவர் முதுகை நீவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா மாமா இது. கடைசி நாளுன்னு புள்ள லீவு போட்டுனு வந்து நிக்கிறான்."

"ரெண்டு நாள். ரெண்டே நாளு பொறுத்துக்க."

"எதுக்குன்னு சொல்லு."

அவர் வாசலைப் பார்த்தார். தேஜஸ் பிளாஸ்டிக் உறையில் காகிதங்களை அடுக்கிக்கொண்டு நின்றிருந்தான். சொல்ல வந்ததை அவர் விழுங்கிக்கொண்டார்.

"ஊர்லேந்து..." என்று ஆரம்பித்ததும் இருமல் வந்துவிட்டது. அது அடங்க ஐந்து நிமிஷம் பிடித்தது. மச்சான் வரட்டும் என்கிறார் போலிருக்கிறது, கடைசிக் காலத்தில் சொந்தக்காரர்களைப் பார்க்க ஆசை, என்று தமிழரசி நினைத்தாள். அண்ணனுக்குப் போன் போட்டு வரச் சொல்ல வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டாள்.

"அரே அப்பா, ஏன் டென்ஷன்?" என்றான் தேஜஸ். "ஒரே ஆள்தான்னு ஒரு அஃபிடவிட். வக்கீல் கிட்ட சைன். ஹோ கயா, முடிஞ்சுது. எங்க ஆஃபீஸ்ல பாதி சவுத் இண்டியன்ஸ் இது வெச்சிருக்காங்க, இனிஷியல் ப்ராப்ளம்க்கு. ஆறு மாசம் முன்னாடி குடுக்க வேண்டியது. நீங்க ஹாஸ்பிட்டல்ல இருந்தீங்க, அதனால இன்னிக்கு வரை டைம் குடுத்தாங்க. இன்னிக்கும் குடுக்கலன்னா பென்ஷன் செக்ஷன் மேடம் என்னை அடிப்பாங்க."

சிரித்துக்கொண்டே சொன்னான். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. தமிழரசியின் கையைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை.

"பயப்படாத மாமா" என்று அவர் காதருகே குனிந்து சொன்னாள். "உனக்கு ஒண்ணும் வராது. நான் பாத்துக்கறேன்."

அவர் தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, அது இல்லை என்று ஆட்டினாரா, அவள் நின்று பார்க்கவில்லை. எதிர் வீட்டு சுஷ்மாவை உட்கார வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

*

கோர்ட்டுக்கு எதிர்வரிசையில் தகரக் கொட்டகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வக்கீல், ஒரு டைப் அடிக்கிறவர், பெஞ்சில் நனைந்த ஜனங்கள். அம்ருதா ஏற்கெனவே வந்து காத்திருந்தாள். கிளினிக்கில் பில் போடும் வேலை, அரை நாள் பர்மிஷன். ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வந்ததில் துப்பட்டா முழுக்க ஈரம்.

"இன்னாம்மா, கல்யாணப் பொண்ணு மாதிரி மூஞ்சிய தொங்கப் போட்டுனு வர?" என்று தாயின் முகத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். "காலைல சாப்டியா? சாப்ட்டுருக்க மாட்ட. இந்தா." பையிலிருந்து வடா பாவ் பொட்டலம் வந்தது.

தமிழரசிக்கு அந்தப் பொட்டலத்தை வாங்கக் கை வரவில்லை. "நீ எதுக்கும்மா வந்த? வேலைய உட்டுட்டு."

"சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும்மா" என்றான் தேஜஸ். "ஒண்ணு வக்கீலோட ஆளே போடுவாரு. இன்னொண்ணு ஃபேமிலி. நான்தான் அக்காவை வரச் சொன்னேன்."

தமிழரசி பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "நீயே போடேன்டா."

"ஃபார்ம்ல எல்லாம் நான் அப்ளை பண்ணிருக்கேன். நான் வேணாம், வேற ஆள் பெட்டர்னு வக்கீல் சொன்னாரு."

"எதிர் வீட்டு சுஷ்மா..."

"அம்மா, பொண்ணை விட உன்னை யாருக்குத் தெரியும்?" என்றாள் அம்ருதா.

வக்கீல் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஹிந்தியில் வேகமாக வாசித்தார். அம்சவேணி என்கிற தமிழரசி ஆகிய நான், ஏகாம்பரம் என்பவரின் மனைவி. சர்வீஸ் பதிவில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் என்னையே குறிக்கும். இரண்டும் ஒரே நபர், அந்த நபர் நானே. இது பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன். ஒரு நாளைக்கு இதை ஐம்பது தடவை வாசிக்கிற மனுஷன் அவர். இடையில் ஒரு தும்மலும் போட்டுக்கொண்டார்.

அம்ருதா ஆதார் நகலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று சிரித்தாள்.

"டேய் தேஜு, இதைப் பாத்தியா? அம்மா பொறந்தது எண்பதுலயாம். நான் தொண்ணூத்தாறு ஜனவரி. அப்போ பதினஞ்சு வயசுல என்னைப் பெத்துருச்சா அம்மா?"

"ஆதார் கேம்ப்ல அப்படித்தான் கதை எழுதுவாங்க" என்றான் தேஜஸ். "சர்வீஸ் புக்ல எழுபத்திரெண்டு. அதையும் அஃபிடவிட்ல சேத்துட்டேன்."

"எட்டு வருஷம் இளசாயிட்டம்மா நீ. ஜாலிதான்!"

மகளோடு சேர்ந்து தமிழரசியும் சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு நின்றது.

வக்கீல் விரலை வைத்த இடத்தில் இரண்டு கையெழுத்து. முதலில் தமிழரசி. அதற்குக் கீழே அம்சவேணி. ஆஸ்பத்திரிப் புத்தகத்திலும், கூப்பன் கடையிலும், ரயில் சலுகைப் பாரத்திலும் அந்தப் பெயரைப் போட்டுப் பழகிய கைதான் அது. இன்றைக்கு மட்டும் 'அ' போட்ட பிறகு பேனா நகரவில்லை.

ஊரில் அக்காவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனார்கள். அப்படிப் போனாள் என்பதாவது இதுவரை மிச்சம் இருந்தது. இந்தக் கையெழுத்து விழுந்தால் அம்சவேணி என்று ஒருத்தி பிறக்கவும் இல்லை, அம்ருதாவைப் பெறவும் இல்லை, சாகவும் இல்லை. போடாவிட்டால்? ரிட்டயர் ஆக எட்டு நாள் இருக்கும்போது மாமாவை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். ஆக்சிஜன் குழாயோடு போய் நிற்பார். அவருக்குப் பிறகு நாற்பத்தாறு வயதில், பத்தாவது படிப்போடு, இவள் தெருவில் நிற்பாள். அல்லது கசார்வாடியில் மருமகனின் தயவில் நிற்பாள்.

போட்டாள்.

"அடுத்தது நீங்க" என்றார் வக்கீல்.

அம்ருதா குனிந்து, அழகான சாய்வெழுத்தில், நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். மேற்படி நபரைப் பிறந்ததிலிருந்து அறிவேன் என்று சாட்சி வாசகத்தில் இருந்தது. 'பிறந்ததிலிருந்து' என்ற இடம் வந்தபோது தாயைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

தமிழரசி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தன்னையே வெறுத்த நாட்கள் சில உண்டு. இது அதில் முதலாவதாக வந்துவிட்டது.

"நான் போய் அப்பாகிட்ட இருக்கேன்மா. சுஷ்மா ஆன்ட்டிக்கும் சமையல் இருக்கும்ல" என்று அம்ருதா ஆட்டோ பிடித்துக் கிளம்பினாள். வடா பாவ் பொட்டலத்தைத் தாயின் பையில் திணித்துவிட்டுத்தான் போனாள்.

*

ஃபேக்டரியின் பென்ஷன் செக்ஷனில் ஷிர்கே மேடத்தின் மேஜைக்கு முன்னால் வரிசை. தேஜஸ் ஒரு நகல் குறைகிறது என்று ஜெராக்ஸ் கடைக்கு ஓடியிருந்தான். தமிழரசிக்கு முன்னால் நரைத்த மீசையோடு ஒரு ஃபிட்டரும், அவர் பக்கத்தில் பச்சைப் புடவையில் ஒரு அம்மாளும்.

ஃபிட்டர் மூன்று காகிதம் எடுத்து வைத்தார். முதல் மனைவியின் இறப்புச் சான்றிதழ். இரண்டாம் கல்யாணத்தின் பதிவுச் சான்றிதழ். குடும்ப விவரப் பாரம். ஷிர்கே மேடம் ஒவ்வொன்றையும் பார்த்து, பழைய பெயரை ஒரு கோடு போட்டு அடித்து, புதுப் பெயரை எழுதி, முத்திரை குத்தினாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பச்சைப் புடவை அம்மாள் மேடத்துக்குக் கை கூப்பிவிட்டுப் போனாள்.

இவ்வளவுதானா? இருபத்தெட்டு வருஷம் நெஞ்சில் அடைத்துக்கொண்டு கிடந்தது ஒரு கோடும் ஒரு முத்திரையும்தானா? பதினெட்டு முடிந்த மறுநாளே சொல்லியிருந்தால்கூட இந்த மேஜையில் பத்து நிமிஷ வேலை. சூர்யநாராயணன் சாரின் நல்ல மனசு நாசமாய்ப் போக என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனுஷரைச் சபித்தாள் அவள்.

அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "மேடம், இப்ப வந்தவர் மாதிரி ஒருத்தர்... அப்பவே சொல்லாம, ரொம்ப லேட்டா வந்து சொன்னா?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

"எவ்வளவு லேட்?" என்றாள் ஷிர்கே, தலையைத் தூக்காமல்.

"வருஷக் கணக்கா."

"கல்யாணத்துக்குச் சான்று இருந்தா பரவாயில்லை. ஆனா செத்தவ பேர்ல ஆஸ்பத்திரி கார்டு, ரயில் சலுகைன்னு ஓட்டியிருந்தா அது மோசடி. ஃபைல் விஜிலன்ஸ் விசாரணைக்குப் போயிடும். முடியற வரைக்கும் கிராஜுவிட்டி நிக்கும், மொத்தப் பணம் நிக்கும். ஏதோ கொஞ்சம் தற்காலிகப் பென்ஷன் குடுப்பாங்க."

"எவ்வளவு நாள்ல முடியும்?"

"மூணு வருஷம். நாலு. யாருக்குக் கேக்கறீங்க?"

"குவார்ட்டர்ஸ்ல ஒருத்தருக்கு" என்றாள் தமிழரசி.

விசாரணைக்கு மூன்று வருஷம். மாமாவுக்கு டாக்டர் கொடுத்தது ஒன்று.

தேஜஸ் மூச்சிரைக்க வந்து நகலை வைத்தான். பாரத்தில் ஒட்டியிருந்த ஜோடிப் போட்டோவை ஷிர்கே மேடம் ஒரு நிமிஷம் பார்த்தாள். போன வாரம் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, ஏகாம்பரத்தின் மூக்கிலிருந்து குழாயை எடுத்துவிட்டு, இரண்டே நிமிஷத்தில் தேஜஸ் எடுத்த படம். மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததில் அவர் முகம் விறைத்திருந்தது. கல்யாணத்துக்கு எடுக்காத போட்டோவைப் பென்ஷனுக்கு எடுத்தார்கள்.

"வயசு எட்டு வருஷம் வித்தியாசப்படுதே" என்றாள் மேடம்.

"அஃபிடவிட்ல இருக்கு மேடம். ரெண்டாவது பாராவுல."

மேடம் படித்தாள். சாட்சி யார் என்று பார்த்தாள். "மகளா?"

"ஆமாம்" என்றான் தேஜஸ்.

"பெத்த பொண்ணே சொன்ன பிறகு என்ன இருக்கு" என்று முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினாள். "நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆபீசர் கையெழுத்துக்கு ஃபைல் மேலே போகும். அதுக்கு மேல எதையும் மாத்த முடியாது. இப்பவே எல்லாம் சரியா பாத்துக்கோங்க."

தேஜஸ் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது.

*

தேஜஸ் மருந்துக் கடையில் இறங்கிக்கொண்டான். "நீ போம்மா, நான் ஸ்வீட்டும் வாங்கிட்டு வரேன்" என்றான். தமிழரசி ஈரச் செருப்போடு மாடி ஏறினாள்.

கதவு திறந்தே இருந்தது. அம்ருதா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கிழித்த ஸ்பீட் போஸ்ட் உறை. ஏகாம்பரத்தின் கன்னமெல்லாம் ஈரம். தாய் உள்ளே வந்ததும் ஓடி வந்து குடையை வாங்குகிறவள், இன்று உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"அப்பா தூங்கினு இருந்தாரு. போஸ்ட்மேன் வந்தாரு. ஆஸ்பத்திரி லெட்டர்னு நெனச்சுப் பிரிச்சேன்" என்றாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "ஒண்ணு சர்ட்டிஃபிகேட். அதுல இங்கிலீஷும் இருக்கு, படிச்சிட்டேன். இன்னொண்ணு ஊர் மாமா எழுதின லெட்டர். எனக்குத் தமிழ் படிக்க வராதுல்ல. நீ படி."

"அம்மு..."

"படிம்மா."

தமிழரசி அண்ணனின் கையெழுத்தைப் பார்த்தாள். நின்றபடியே வாசித்தாள். எந்த வரியையும் விட்டுவிட்டு வாசிக்க அவளுக்குத் தெம்பில்லை.

"மாமாவுக்கு வணக்கம். நீங்கள் போன தீபாவளிக்குச் சொன்னபடி, அக்காவின் சாவைப் பதிய ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எட்டு மாதமாக அலைந்தேன், இரண்டு தடவை திருப்பிவிட்டார்கள், இப்போதுதான் உத்தரவு கிடைத்தது. சான்றிதழ் இத்துடன். தங்கச்சியைத் தாலி கட்டிக் கொடுத்ததற்குக் கோயில் தர்மகர்த்தாவிடமும் எழுதி வாங்கிவிட்டேன், அது அடுத்த வாரம் வரும். இனிமேல் அவள் பெயரிலேயே எல்லாம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று சொன்னீர்களே, அந்தப்படி செய்யவும். அவளிடம் முன்னாடியே சொன்னால் உங்களுக்கு வம்பு வருமென்று தடுத்துவிடுவாள் என்றீர்கள். நான் சொல்லவில்லை."

மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் மூக்குக் குழாயை நகர்த்தினார்.

"உன்... பேரோட... உன்னை விட்டுட்டுப் போவணும்னு..." என்றார். "விசாரிக்கட்டும். சொல்றதச் சொல்லிட்டு... போறேன். அதான் ரெண்டு நாள்..."

தமிழரசி கட்டில் காலருகே சரிந்து உட்கார்ந்தாள்.

"போட்டுட்டேன் மாமா" என்றாள். "உனக்கு ஒண்ணும் வரக்கூடாதுன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்து போட்டுட்டேன். கொண்டு போய்க் குடுத்தும் ஆச்சு. இவளையே சாட்சியா வச்சு..."

ஒருவரை ஒருவர் காப்பாற்ற இரண்டு பேரும் தனித்தனியாகத் திருட்டுத்தனமாக ஓடியிருக்கிறார்கள். குறுக்கே அகப்பட்டுக்கொண்டது அம்ருதா.

"அவங்க போட்டோ இருக்கா?" என்று கேட்டாள் அம்ருதா.

தமிழரசி ஏகாம்பரத்தைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு. சின்னதா இருந்தாலும் பரவால்ல."

"பழைய ஆஸ்பத்திரி கார்டுல ஒண்ணு இருந்துச்சு" என்றாள் தமிழரசி. "கார்டு தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்தோம்ல. வீட்ல இருந்தா மாட்டிக்குவோம்னு..."

"கிழிச்சிட்டியா?"

"ஸ்டவ்வுல போட்டேன்."

அம்ருதா தலையை மட்டும் ஆட்டினாள். அழுவாள், கத்துவாள், பாத்திரத்தை எறிவாள் என்று தமிழரசி காத்திருந்தாள். அதையெல்லாம் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும். அம்ருதா எழுந்து, சான்றிதழை நான்காக மடித்து, தன் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"ஃபைல் எப்போ மேல போவுது?"

"நாளைக்குப் பதினோரு மணி."

"பத்தரைக்கு நான் அங்க இருப்பேன். என் கையெழுத்தத் திரும்ப வாங்கினு வரணும்."

"அம்மு, வேணாம்டி. நீ வாங்கினா விசாரணை. மூணு வருஷம் ஆவும். உங்கப்பாவுக்கு அவ்ளோ நாள் இல்ல. வீடு கிடையாது, பணம் கிடையாது. எனக்குன்னு ஒரு சாட்சி கிடையாது, தாலி கட்டினதுக்குக் காயிதம்கூட இன்னும் வரல. நான் எங்க போய் நிப்பேன்?"

"தெரியும்" என்றாள் அம்ருதா. கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "வாங்கலன்னா எங்கம்மா எங்க போய் நிப்பாங்க?"

இத்தனை வருஷத்தில் 'எங்கம்மா' என்று அவள் இன்னொருத்தியைச் சொன்னது இதுதான் முதல் தடவை. தமிழரசிக்கு அது கேட்டது. கட்டிலில் கிடந்தவருக்கும் கேட்டது.

மாடிப்படியில் தேஜஸின் செருப்புச் சத்தம். "அம்மா, சூடா ஜிலேபி கிடைச்சுது" என்று சொல்லிக்கொண்டே அவன் ஏறி வந்துகொண்டிருந்தான்.